மேல் எது, கீழ் எது?

கூடி முடிவெடுப்பது எப்படி என்று உலகத்து அரசுகளெல்லாம் மாநாடு போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், அந்தக் கலையின் உச்சியைத் தொட்டவை கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கும் மேலக்கம்மம்பட்டி, கீழக்கம்மம்பட்டி என்ற இரண்டு ஊராட்சிகள். அவற்றை உச்சிக்கு ஏற்றிவிட்டது ஒரு துணைக்கால். அந்தக் காலைப் போட்டவர் பூவனநாதன்.

பூவனநாதன் ஊராட்சி எழுத்தர். இரண்டு ஊராட்சிக்கும் அவர் ஒருவரே. முற்பகல் மேல, பிற்பகல் கீழ, இடையில் இரண்டு கிலோமீட்டர் சைக்கிள். அந்தப் பாதையின் நடுவில்தான் இரண்டு ஊருக்கும் பொதுவான பதினோரு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. மக்களிடம் கருத்துக் கேட்டு, அதை என்ன செய்வதென்று இரு ஊராட்சிகளும் ‘இணைந்து’ முடிவெடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. பூவனநாதன் நோட்டீஸ் அடித்தார். டைப்ரைட்டரில் விரல் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டது. ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்பது ‘பொதுமாக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ ஆயிற்று.

“மாக்கள்னா ஆடு மாடுல்லாய்யா,” என்று டீக்கடையில் தமிழாசிரியர் பொருள் சொன்னார்.

“அப்பிடிப் போடும். நம்ம கருத்து வேண்டாமாம். ஆட்டைத்தான் கூப்பிடுதாவ,” என்றது கடை.

அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்ட ஊர்கள். குறித்த நாளில் நூற்றிருபது ஆடுகளும் பதினாறு மாடுகளும் கூட்டத்துக்கு வந்துவிட்டன. இப்படி ஒரு வருகைப் பதிவை எந்த ஊராட்சியும் கண்டதில்லை. யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை. வெளிநடப்பு இல்லை. நிகழ்ச்சி நிரலைப் பலர் கரைத்தே குடித்திருப்பார்கள். இங்கே மென்றே தின்றார்கள். மேலத் தலைவர் கொம்பையா கழுத்தில் கிடந்த மாலையை, அது அவர் கழுத்தில் கிடக்கும்போதே, ஆடு மேய்க்கும் சீனித்தாயின் கிடா பாதிவரை தின்றது.

கீழத் தலைவி சுந்தரேஸ்வரி சிரித்துவிட்டார்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. இனிமே எதுன்னாலும் எழுத்து மூலமாத்தான்,” என்று மாலையின் மிச்சத்தோடு எழுந்தார் கொம்பையா. எழுவதற்கு முன் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியது: கூட்டு முடிவு எட்டப்படும்வரை எந்த விலங்கும் புறம்போக்கில் நுழையக் கூடாது.

அது ஐப்பசி. மழை விழுந்து காடெல்லாம் பருத்தியும் கம்பும் நின்றன. வெள்ளாமை வீட்டுக்கு வரும்வரை ஆடுகள் வாய் வைக்க அந்தப் பதினோரு ஏக்கரை விட்டால் வேறு இடம் கிடையாது. சீனித்தாய்க்குப் புருஷன் இல்லை, காடு இல்லை, பதினெட்டு ஆடுகள் இருந்தன. மறுநாளே அவள் சைக்கிளை மறித்தாள்.

“தம்பி, ஆட்டை விடலாமா, கூடாதா?”

“பரிசீலனையில இருக்குக்கா.”

“அது எங்கன இருக்கு? அங்கனயாவது புல்லு கெடக்கா?”

பூவனநாதன் இளகிய மனசுக்காரர். இரவு பகலாக இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பது என்று முடிவு செய்து, அன்றைக்கே மேலக்கம்மம்பட்டி எழுத்தராக உட்கார்ந்து கீழக்கம்மம்பட்டிக்குக் கடிதம் எழுதினார். கையில் கொண்டு போனால் முறையாகாது, தபாலில் சேர்த்தார். கடிதம் கோவில்பட்டி போய், ஊரைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கீழக்கம்மம்பட்டிக்கு வந்தது. கீழக்கம்மம்பட்டி எழுத்தராகப் பிரித்துப் படித்த பூவனநாதனுக்குச் சுருக்கென்றது. ‘மேல, கீழக்கம்மம்பட்டிகளின் கூட்டுக் குழு’ என்று எழுதியிருந்தது. எவ்வளவு திமிர்!

“அகரவரிசைப்படி ‘கீ’ முந்தி, ‘மே’ பிந்தி. நம்மள எப்பிடிப் பின்னால தள்ளலாம்னு கேளும்,” என்றார் சுந்தரேஸ்வரி.

கேட்டார். ஐந்து நாள் கழித்து மேலக்கம்மம்பட்டியில் அந்தக் கடிதத்தைப் பிரித்தவர், தலைவர் மேசையில் அதை ஓங்கிப் போட்டார்.

“மேல இருக்கறது எப்பிடி ஓய் கீழ வரும்? கீழ உள்ளது மேல வந்தா அது பேரு மேலயா கீழயா? சூடா ஒண்ணு எழுதும்,” என்றார் கொம்பையா.

சூடாக எழுதினார். கீழே போய், அந்தச் சூடு தாங்காமல், அதைவிடச் சூடாகப் பதில் எழுதினார். கார்த்திகையில் ஒரு தரப்பு மறு தரப்பிடம் ‘வருத்தம்’ கோரியது. மார்கழியில் மறு தரப்பு அந்தக் கோரிக்கையை ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ நிராகரித்தது. இரண்டு மடலின் நடையையும் ஒன்றியத்தில் பாராட்டினார்கள். சீனித்தாய் மட்டும் பாராட்டவில்லை.

“விடலாம்னு சொல்லு, இல்ல விடக் கூடாதுன்னு சொல்லு. நடுவுல நின்னா ஆடு என்னத்தத் திங்கும்? ஒன் கடுதாசியையா?”

“எதிர்த் தரப்புலதான்க்கா இழுக்காவ.”

“எது எதிர்த் தரப்பு?”

பூவனநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பகல் பன்னிரண்டரை. இரண்டு கிராமத்துக்கும் நடுவில் நின்றார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் எது எதிர்த் தரப்பு என்று அவருக்கே பிடிபடவில்லை. சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாசியில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. இரு பெயரையும் வட்டமாக எழுதி ஒரு ரப்பர் ஸ்டாம்ப்! வட்டத்துக்கு ஏது மேல், ஏது கீழ்? இரண்டு தலைவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கூட்டுக் குழு பிறந்தது. பங்குனி வெயிலில் அது ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: மேய்க்கலாம்.

அனுமதிச் சீட்டு எண் ஒன்றைச் சீனித்தாய்க்குத் தன் கையாலேயே கொடுக்க ஆசைப்பட்டு, புல் கருகிக் கிடந்த புறம்போக்கைத் தாண்டி, பூவனநாதன் அவள் வீட்டுக்கே போனார். அவள் வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே ஏழு நிபந்தனைகளையும் வாசித்து முடித்தார்.

“நாளையிலேருந்து விடலாம்க்கா.”

“எதை?”

அப்போதுதான் அவர் தொழுவத்தைப் பார்த்தார். கட்டுத்தறிகள் மட்டும் நின்றன.

“ஆடெல்லாம் எங்கக்கா?”

“நாகலாபுரத்து வியாபாரி ஓட்டிட்டுப் போயிட்டான். மேல முந்தியா, கீழ முந்தியான்னு நீ எழுதிட்டுக் கெடந்தேல்லா, அப்ப.”

பூவனநாதனுக்குப் பொறுக்கவில்லை. அநியாயம்! இதைச் சும்மா விடக் கூடாது. பையிலிருந்து தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“இந்தத் தாமதத்துக்கு மேல பொறுப்பா, கீழ பொறுப்பா? சொல்லுங்கக்கா. யாருன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே விளக்கம் கேட்டு எழுதுதேன்.”

சீனித்தாய் பசை தொட்ட விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே நீட்டினாள்.

“நீதான்.”