முப்பது கிலோவுக்குள் ஒரு சாப்பாடு

ஒரு காட்டில் கிழட்டு ஆமை ஒன்று சொல்லுமாம்: “உன் கனம் எவ்வளவுன்னு ஒருத்தன் கேட்டா, நீ முதல்ல அவனக் கேக்க வேண்டியது என்னன்னா…” மீதியைக் கேட்டவர்களுக்கு மறந்துபோயிற்று.

அந்தக் காட்டுக்கு, ஸ்பானிஷ் பேசும் தேசத்திலிருந்து ஒரு ஜாகுவார் குடிவந்தது. புலிக்குத் தம்பி முறை. வந்தவருக்கு வயிற்றுக் கோளாறு. ஒரு வேளைக்கு முப்பது கிலோவைத் தாண்டக் கூடாதென்று வைத்தியர் கட்டளை. இது காட்டில் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பட்டவரிடமெல்லாம் “குவாந்தோ பேசாஸ்?” என்று எடை கேட்கும். காட்டுப்பன்றி, “ரெண்டு மூட்டை இருப்பேனுங்க” என்றது. மூட்டைக்கு எத்தனை கிலோ என்று ஜாகுவாருக்கு விளங்கவில்லை. சந்தேகத்தோடு தின்ன பயம். பட்டினியாகத் திரும்பியது.

கேளையாடு திரவியத்துக்கு இது மானப் பிரச்சினை. மானில் சின்ன சாதிதான். ஆனால் எஸ்டேட் துரை பங்களாவை ஒட்டி வளர்ந்தது. அடியும் பவுண்டும் இங்கிலீஷில் தண்ணீர்பட்ட பாடு. “கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாத காடுன்னு போய்ச் சொல்ல மாட்டாரா?” என்று, ஸ்பெயின் போய்வந்த நாரையிடம் ட்யூஷன் சேர்ந்தது.

“உன் அறுபது பவுண்டை அப்படியே சொல்லி வைக்காதப்பா. அங்கே எல்லாம் கிலோ. இருபத்தேழு. வெயின்தி சியேத்தே கிலோஸ். எங்கே?”

“வெயின்தி சியேத்தே கிலோஸ்.”

“மென்னு முழுங்காம சொல்லு!”

மறுநாள் ஜாகுவார் வழிமறித்தது. திரவியம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. ஜாகுவாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடடா, எங்க ஊர் உச்சரிப்பு! வைத்தியர் சொன்ன அளவுக்குள்ளேயும்கூட.”

வைத்தியர் சொன்ன அளவு என்னவென்று விசாரித்தபோதுதான் திரவியத்துக்கு உறைத்தது.

“ஐயா, அது… ஒரு காலுக்கு மட்டும் சொன்னேன்.”

ஜாகுவார் அந்தக் குச்சிக் காலைப் பார்த்தது. இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவன் பொய்யா சொல்வான்?

“சரி. ஒரு கால் போதும்.”

திரவியம் நாலு காலையும் வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டது.

“இல்லாட்டி, அதோ புதருக்குள்ளே ஒருத்தன் இருக்கானே, அவன் எவ்வளவு?” என்றது ஜாகுவார்.

புதருக்குள் முயல். “அண்ணே,” என்றது மெதுவாக, “நீங்க படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க.”

திரவியம் முயலைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது.

“தோஸ் கிலோஸ்” என்றது. இரண்டு கிலோ.

நீதி: எடையை எப்போதும் உள்ளபடியே சொல்ல வேண்டும், அது அடுத்தவருடையதாக இருக்கும் பட்சத்தில்.