கேட்டுச் சொல்லும் வகுப்பு

“மாதா ஃபீ மதீனதிகும்?” என்று கேட்டார் தேர்வாளர் நிஜாமுதீன். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பொருள்.

“மாதா ஃபீ மதீனதிகும்?” என்று அன்புச்செல்வன் கணீரென்று திருப்பிச் சொன்னான்.

தேர்வாளரின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆசிரியர் ரஃபீக்குக்கு அப்போதுதான் தன் தவறு புரிந்தது. மன்னார்புரம் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியில் பேச்சு அரபி இப்போதுதான் ஆரம்பம். பிள்ளைகள் தேறாவிட்டால் வகுப்பும் போகும், அவருடைய தற்காலிக வேலையும் போகும். இந்தப் பருவம் முழுக்க அவர் போனில் ஒலிப்பதிவைப் போட, பிள்ளைகள் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார்கள். கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மனுஷனுக்குத் தோன்றவேயில்லை.

நிஜாமுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார். அன்புச்செல்வன் செருமலையும் சேர்த்துச் சொன்னான்.

ரஃபீக் சன்னல் பக்கம் கை நீட்டி, மலைக்கோட்டையையாவது சொல்லேன் என்று சைகை காட்டினார். அவனும் பவ்யமாகச் சன்னல் பக்கம் கை நீட்டினான்.

“சார், மணிமேகலையக் கேளுங்க. வகுப்புலயே நல்லாப் பேசுற பொண்ணு” என்றார் ரஃபீக்.

திருவானைக்காவல் மணிமேகலை எழுந்து, அதே கேள்வியைத் தேர்வாளரைவிட அழகாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ரஃபீக் வகுப்புக்கு முன்னால் வந்து நின்றார். பதில் சொல்லுங்கள் என்பதை அரபியிலேயே கெஞ்சிப் பார்த்தார்.

“அஜீபூ...”

“அஜீபூ...” என்று மொத்த வகுப்பும் அதே கெஞ்சலோடு சொன்னது.

நிஜாமுதீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவர் கை நடுங்கியது. கோபம்தான், சந்தேகமில்லை. விறுவிறுவென்று மதிப்பெண் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முதல்வர் அறைக்குப் போய்விட்டார்.

தொலைந்தோம் என்று நினைத்தார் ரஃபீக். தேர்வு முடிந்ததும் முக்கொம்பு அணை பார்க்கப் போவதற்காக, தேர்வாளரின் மனைவி வெளியே காரில் காத்திருந்தார். ரஃபீக் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினார்.

“மேடம், நீங்கதான் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். பசங்க ஒருத்தர்கூடப் பதில் சொல்லலங்க.”

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

“அல்லாஹ் காப்பாத்துனான் தம்பி. எழுதறதுலதான் அவரு புலி, அரபில பேச வராது. அந்த ஒரு கேள்வியத்தான் போன்ல கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. யாராவது பதில் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு வழியெல்லாம் நடுங்கிக்கிட்டே வந்தாரு.”