தாய்மாமன் சீரும் பறக்கும் படையும்

டீ வாங்கிக் கொடுத்தால் பயந்து ஓடுகிற வேட்பாளர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எனக்கு மச்சானாக வாய்த்தது என் நேரம்.

நாகமலை புதுக்கோட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எம்.எல்.ஏ., எம்.பி. என்று ஒவ்வொரு தேர்தலிலும் சுயேச்சையாக நின்று கட்டிய பணத்தைக் கோட்டை விடுவதால் ஊரில் அவருக்கு 'டெபாசிட்' என்றே பெயர். பிரசாரத்தில் வேட்பாளருக்கு ஓசியில் கிடைப்பதற்கும் விலை போட்டுச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இவர் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு என் மனைவியிடம், அதாவது சொந்தத் தங்கையிடம், பில் கேட்டார்.

"அண்ணே, கிறுக்கு பிடிச்சிருச்சா?"

"பில்லு இல்லைன்னா தாள்ல எழுதிக் குடும்மா. சட்னியத் தனியா எழுது."

இவர் நிற்கிற நேரம் பார்த்து என் மகளுக்குக் காதுகுத்து வைத்தேன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவர் சீர் வராவிட்டால் சபையில் பேச்சு வந்துவிடும்.

"மாப்ள, மடி தாரேன். சீர் இப்பக் குடுத்தா லஞ்சம்பாய்ங்க. எலெக்சன் முடியவும் செஞ்சிருவோம்" என்றார் மச்சான்.

எழுமலையிலிருந்து வேனில் வரும் என் சொந்தக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? பட்டுப்பாவாடை, கொலுசு, பழமெல்லாம் நானே வாங்கித் தட்டுகளில் அடுக்கி, 'தாய்மாமன் சீர்' என்று அட்டையும் வைத்துவிட்டேன். அண்ணன் மனம் மாறிவிட்டார் என்று நம்பிய என் மனைவி, வந்தவர்களுக்கெல்லாம் தட்டுகளைக் காட்டிப் பூரித்துப்போனாள்.

மச்சான் வெறுங்கையோடு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுக்கவும் வாசலில் ஜீப் வந்து நின்றது. தேர்தல் பறக்கும் படை; ஒரு அதிகாரி, ஒரு வீடியோ கேமராக்காரர்.

"நாந்தேன் போன் போட்டு வரச் சொன்னேன் சார். வேட்பாளர் ஒண்ணும் குடுக்கலைங்கிறது பதிவாகட்டும்" என்றார் மச்சான் பெருமையாக.

கேமரா நேராகச் சீர்த்தட்டுகளிடம் போனது.

"அப்ப இது யாரு குடுத்தது?" என்றார் அதிகாரி.

மச்சான் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். 'நான் வாங்கியது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் பக்கத்துப் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வெட்கக்கேடு. மச்சானின் கண் தங்கையிடம் போனது.

"என்னோடதுதேன் சார். எழுதிக்கங்க."

சட்னிக்கே பில் கேட்டவரிடம் சீருக்கு பில் இல்லை. கணக்கு ஒத்துவரவில்லை என்று மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தடை போட்டுவிட்டார்கள். விசாரணையின்போதே, சீர் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு ஓடியிருந்தேன்.

"அதுல உங்க பேருல்ல இருக்கு மாப்ள. கிழிச்சுப் போடுங்க. அம்புட்டுச் சனத்துக்கிட்டயும் காட்டிச் சந்தோசப்பட்ட புள்ள அது" என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

என் மனைவிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இதை அச்சில் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். தன் அண்ணன் எப்பேர்ப்பட்டவர் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.