ஐந்துக்குப் பதில் ஆறு பாய்ச்சல்

அன்புள்ள தங்கை வெர்னாவுக்கு,

வர்ஜீனியாவிலிருந்து உன் அக்கா ஓபல் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறவிடுகிறது என்று நம்புகிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் கார்ல்டன் டிராக்டரைத் தனியாகக் கொட்டகைக்குள் விட்டான். ஒரு கதவுதான் போயிற்று. கடைக்குட்டி ஜூனிக்கு ஆறு வயது. வேதாகமத்தின் அறுபத்தாறு புத்தகப் பெயரையும் சபை முன்னால் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் உள்ள பேத்தி ஆடி, பெரிய குதிரைகளோடு போட்டியிட்டு, தன் மட்டக்குதிரை பட்டர்பீன் மேல் பச்சை ரிப்பன் வாங்கினாள். ஆறாம் இடம்.

வசந்தத்தில் உன் பேரன் ஹார்லன் பெரிய குதிரைமேல் உட்கார்ந்த படத்தை அனுப்பி, ஆடி இன்னும் அந்த ஆட்டுக்குட்டி மேல்தான் போகிறாளா என்று கேட்டிருந்தாயே, நான் மறக்கவில்லை. என் மகன் வேடும் உன் பக்கம்தான். ஆடிக்குப் பதினோரு வயதாயிற்று, மட்டக்குதிரையை விற்றுவிடலாம் என்றான். ஆடி மூன்று நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அவன் இறங்கிவந்தான்: மாவட்டப் போட்டியில் எட்டுத் தடையையும் கம்பு விழாமல், பட்டர்பீன் நின்றுவிடாமல் தாண்டினால் அவன் இங்கேயே இருப்பான், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வியாபாரி வந்து ஓட்டிப்போவான். இந்த வருஷம் மட்டக்குதிரைப் போட்டிக்கு வேறு யாரும் பேர் கொடுக்காததால் அதை ரத்து செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது குதிரைகளின் போட்டிதான்.

அங்கே ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் ஐந்து பாய்ச்சல். மனுஷர் நாலு எட்டு வைத்தால் குதிரைக்கு ஒரு பாய்ச்சல் என்றும், தாண்டி இறங்கவும் மறுபடி எழும்பவும் ஒன்று கூட்டி இருபத்துநாலு எட்டு என்றும் ஆடிக்குக் குதிரையேற்றம் பழக்கும் மிஸ் கார்லிஸ் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இருபத்துநாலு வரை எண்ணுவேன். பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் நானே நடந்து அளந்து கம்பு நட்டேன். கோடை முழுக்கப் பட்டர்பீன் பிசகாமல் ஐந்து போட்டான். சபை விருந்தில் வறுத்த கோழி ஆறிப்போகும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று காலை மிஸ் கார்லிஸ் மைதானத்தை நடந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தாள்.

"மிஸஸ் டாலிவர், உங்க நிலத்தை யாரு அளந்தது?"

நான்தான் என்றேன், பெருமையாக. அவள் என் கால்களைப் பார்த்தாள். என்னை மைதானத்தில் நடக்கச் சொன்னாள். இருபத்துநாலு எட்டு முடிந்து நின்றால், அடுத்த தடைக்கு இன்னும் ஒரு முழுப் பாய்ச்சல் தூரம் பாக்கி. அம்மா நம் இருவருக்கும் கொடுத்த கால் அவ்வளவுதான், வெர்னா.

பேரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றான் வேட். ஆடி சேணத்து வாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆறு போடுறேன்ப்பா."

"ஒண்ணு கூட்டினா நடுவர் மார்க்கைக் குறைப்பாரும்மா" என்றாள் மிஸ் கார்லிஸ்.

"குறைக்கட்டும். மார்க்குக்கா வந்தேன்? இவன் என்னோட வீட்டுக்கு வரணும்."

இவளுக்கு முன் போன பெரிய சாம்பல் குதிரை பூத்தொட்டித் தடையில் நின்றுவிட்டது. அதன் மேல் இருந்தவர் மட்டும் தாண்டினார். அடுத்து ஆடி. நான் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறி உரக்க எண்ணினேன். நாலாவது தடைக்குள் வேலியோரத்தில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். எல்லா இடத்திலும் ஆறு, ஒன்று கூடவில்லை, குறையவில்லை. பூத்தொட்டிக்கு மேலே இரண்டு காது தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு வால். ஒரு கம்பு விழவில்லை. வேட் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்பாய். ஏழு.

ஆகையால் எங்கள் வீட்டில் பெரிய குதிரைப் பேச்சு இனி எழாது. உன் வீட்டாரையும், உன் பெரிய குதிரையையும்கூட, கர்த்தர் காப்பாராக. பீச் ஜாம் இரண்டு ஜாடி தனியே வருகிறது.

பிரியமுள்ள அக்கா,
ஓபல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஆடி வந்தாள். "பாட்டி, என் காலு அவன் வயித்துக்குக் கீழ தொங்குது. இவ்வளவு பாரத்தோட எனக்காகத் தாண்டிட்டான். போதும், இனி ஜூனி ஏறட்டும்" என்றாள். பட்டர்பீன் எங்கும் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை அதே வியாபாரி வருகிறான், உயரமான குதிரை ஒன்றை ஓட்டிக்கொண்டு. ஹார்லன் அவ்வளவு உயரத்தில் எப்படி உட்காருகிறான் என்று ஆடி பார்க்க வேண்டுமாம். நீ அனுப்பிய படத்தை வந்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். குதிரை முழுதாகத் தெரியும்படி புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் போடு.