அவதூறுக்கு ஓர் உதாரணம்

“இதுல மன்னன் எங்கேர்ந்து வந்தான்?” என்று மேலாளர் கேட்டார்.

அவர் கையிலிருந்த அட்டையில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ‘அமைச்சர் மீது அவதூறு கூறியவனை மன்னன் நாடு கடத்தினான்.’

“உதாரண வாக்கியம் சார். அவதூறுங்கிற சொல்லுக்கு” என்றார் அகராதிக்காரர். அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அவர் அகராதிக்காரர்தான்.

“நம்மது அன்றாட வழக்கு அகராதி. இன்னிக்கு எவன்யா மன்னன்கிட்ட வேலை பாக்கறான்? ஆபீஸ், வீடு, தெருன்னு ஏதாவது போடுங்க. ‘அ’ பகுதியில இந்த ஒரு வரிதான் பாக்கி. அச்சகத்துல உயிரை வாங்கறாங்க.”

அகராதிக்காரர் அட்டையை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். பொருள் எழுதுவதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. ‘ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கச் சொல்லப்படும் பொய்யான பழி.’ இதில் ‘பொய்யான’ என்ற சொல்லைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமிதம். கோள் உண்மையாகவும் இருக்கலாம். அவதூறு பொய்யாக இருந்தே தீர வேண்டும். இதை எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்பது அவர் எண்ணம்.

இன்றைக்கு இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தார். எழுதியதும், ஓசை சரியாக வருகிறதா என்று பார்க்க உரக்கப் படித்தார். அது அவர் வழக்கம்.

“கணக்காளர் அலுவலகத்தில் தூங்குகிறார் என்று சிலர் அவதூறு பரப்பினார்கள்.”

பக்கத்து மேசையில் கணக்காளர் தலையைத் தூக்கினார். கன்னத்தில் சட்டைக் கையின் மடிப்பு பதிந்திருந்தது.

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. உதாரணத்துக்கு எழுதினேன்.”

“சாப்பிட்டதுக்கப்புறம் கொஞ்சம் கண்ண மூடுறது தூக்கமா? அதுகூட நான் மட்டுமா மூடறேன்?”

அகராதிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப தூங்குவீங்களா? உண்மைன்னா இது அவதூறு ஆகாது. உதாரணமே தப்பாயிடும். அதனாலதான் கேக்கறேன். தூங்குவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

கணக்காளர் ஒரே வார்த்தைதான் சொன்னார். அது எந்த அகராதியிலும் சேர்க்கக்கூடியது அல்ல.

சமாதானம் செய்துவிடுவது நல்லது என்று அகராதிக்காரர் ‘கணக்காளர்’ என்பதை அடித்துவிட்டுப் ‘பக்கத்து மேசைக்காரர்’ என்று மாற்றி, அதையும் உரக்கப் படித்துக் காட்டினார். கணக்காளர் தன் மேசையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். மேசைக் கால் கீறிய சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது.

சரி, அலுவலக ஆட்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, கீழே கேண்டீனுக்கு இறங்கினார். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை எழுதிப் படித்தார்.

“பழைய டீயைச் சூடுபண்ணிக் கொடுக்கிறாள் என்று கடைக்காரி மீது அவதூறு சுமத்தினார்கள்.”

கேண்டீன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “பழைய டீயா? காலைல போட்டது சார் அது. சாயங்காலம் வரைக்கும் சூடு பண்ணித்தான் ஆகணும். அதைப் போய் யார் உங்ககிட்ட வத்தி வெச்சது?”

“யாரும் வைக்கல அக்கா. நீங்க அப்படிச் செய்யறதில்லைன்னுதான் எழுதியிருக்கேன். பொய்யான பழின்னு அர்த்தம்.”

“செய்யலேன்னா எதுக்கு சார் எழுதணும்? பேசாம இருக்கலாமே?”

அது நியாயமான கேள்வி. ஆனால் அகராதிக்காரர் அதை விட்டுவிட்டு, “இப்ப காலைல போட்டதுன்னு சொன்னீங்களே, அது பழசுல சேருமா? பழையதுங்கிற சொல்லுக்கு நேத்தையதுன்னு ஒரு பொருள்...” என்று ஆரம்பித்தார்.

கேண்டீன் அக்கா அவர் முன்னாலிருந்த டீயை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். “உங்களுக்குப் புதுசா இனிமே எவ போடுறாளோ, அங்க போய்க் குடிங்க.”

அவர் மாடி ஏறுவதற்குள் செய்தி ஏறிவிட்டது. தட்டச்சு செய்கிற பெண் அவரைக் கண்டதும் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். காவலாளி வணக்கம் வைக்கவில்லை. இருவரைப் பற்றியும் அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதிவிடுவார் என்ற பயம் போதுமானதாக இருந்தது.

அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றாட வழக்குக்கு வீட்டைவிட நல்ல இடம் உண்டா?

மனைவி சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் கூடத்துக் கோடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கத்த வேண்டும். அந்தத் தைரியத்தில் அகராதிக்காரர் மனைவியின் காதோரம் முணுமுணுத்தார்.

“இதைக் கேளு. ‘காது கேட்காததுபோல் நடிக்கிறார் என்று மாமியார் மீது மருமகன் அவதூறு கூறினான்.’ இயல்பா இருக்கா?”

மனைவி பதில் சொல்லும் முன் கூடத்திலிருந்து குரல் வந்தது.

“நான் எங்க நடிச்சேன் மாப்பிள்ளை?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் அழுதார், ஒருவர் கத்தினார், ஒருவர் “உண்மைன்னா இது அவதூறு ஆகாது” என்று விளக்கிக்கொண்டே இருந்தார். இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

காலையில் எழுந்தபோது அவருக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் மேல் பட்டுவிடுகிறது. கையை ஓங்கினால் எதிரில் ஒரு கன்னம் இருக்கிறது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் எழுதினார்.

‘அகராதிக்காரர் சோம்பேறி என்று சிலர் அவதூறு பரப்பினார்கள்.’

அலுவலகத்தில் இதைப் படித்துக் காட்டியபோது ஒரு எதிர்ப்பும் இல்லை. மேலாளர் வாக்கியத்தை இரண்டாம் முறை பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஜன்னல் பக்கத்திலிருந்து கணக்காளர், “பொருத்தமா இருக்கு” என்றார். பொருத்தம் வாக்கியத்துக்கா, ஆளுக்கா என்று அவர் சொல்லவில்லை.

வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு நடந்தார். தன் மானத்தை விற்றாவது ஒரு சொல்லைக் கரை சேர்த்துவிட்டோம் என்று நடையில் ஒரு நிமிர்வு வந்தது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அச்சடித்த தாள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஃபோர்மேன் மை படிந்த கையைத் துணியில் துடைத்தபடி வந்து, அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“‘அ’ நேத்தே ஓட்டி முடிச்சாச்சு சார்” என்றார் அவர். “ஒரு வரி காலியா இருந்துது, ‘அவதூறை வெச்சு அன்றாடம் எப்படிப் பேசுவீங்க?’ன்னு உங்க ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீங்க வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களாம். போனை மாத்தி மாத்தி வாங்கினவங்க எல்லாரும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொன்னாங்க, அதையே போட்டுட்டேன்: ‘அகராதிக்காரர் எல்லாரைப் பற்றியும் அவதூறு எழுதுகிறார்.’”