தாலி கட்டும் நேரத்தில் வந்த இருவாச்சி

ஒரு பொழுதுபோக்கு நமக்கு நன்றாகக் கைவந்துவிட்டால் அதை வீட்டாரிடம் காட்டவே கூடாது. காட்டினால் அதை ஒரு வேலையாக்கி நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள். ஊரடங்கில் நான் கற்ற பாடம் இது. கட்டணமாகப் போனது அக்காவின் கல்யாணம்.

சென்னை அலுவலகம் என்னை லேப்டாப்போடு இலஞ்சிக்கு அனுப்பிவைத்த சமயம். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன் (பல் தேய்ப்பதைக்கூட என்று அக்கா சொல்வாள், அது அவதூறு). வாசலைத் தாண்ட முடியாததால் காலை நேரங்களில் கேமராவோடு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கிருந்து மலை முழுதாகத் தெரியும். சாரல் நாட்களில் குற்றாலத்து அருவி ஒரு வெள்ளைக் கோடாக விழும், அடியில் எண்ணெய் தேய்த்த தலை ஒன்றுகூட இல்லாமல். கொல்லை அத்திமரத்துக்குக் குக்குறுவான் வரும், மாங்குயில் வரும், பச்சைப்புறா வரும். ஒரு படத்துக்காக மூச்சை அடக்கிக் காத்திருக்கும்போது டிவிச் செய்திகள் எல்லாம் மறந்துபோகும். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். சிக்காத பறவை ஒன்றே ஒன்று, பெரிய வளைந்த அலகுள்ள சாம்பல் இருவாச்சி. அது பழம் தின்ன மலையிலிருந்து இறங்கி வரும் என்று பால்காரர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனி மாதம் அக்காவுக்குக் கொல்லையிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் என்று முடிவானது. அதற்குச் சற்று முன்னால், பேசிவைத்திருந்த போட்டோகிராபர் குடியிருந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். “ஏட்டி, காக்கா குருவியெல்லாம் கண்ணு மூக்கு தெரிய எடுக்கேல்லா? அக்காளையும் எடு.”

மாப்பிள்ளையின் அப்பா மஸ்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். விமானம் இல்லை, அங்கே வாட்ஸாப் வீடியோ காலும் போகாது. ஒரே மகன் கல்யாணம். முந்தின நாள் போனில் என்னைக் கூப்பிட்டார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. அவன் தாலி கட்டுத படம் ஒண்ணு மட்டும் உடனே அனுப்பிரு. அதப் பாத்துட்டு நான் இங்கன ரெண்டு அரிசிய எடுத்துப் போட்டுக்கிடுதேன்.”

படித்த படிப்பைக் காட்டிவிட்டேன். எடுக்கும் படமெல்லாம் கேமராவிலிருந்து நேராக அவர் போனுக்குப் போகும்படி ஒரு ஏற்பாடு. “கிளிக் பண்ணின கையோட வந்துரும் மாமா!” அது போதாதென்று, என் படத்தில் ஒருவர் கையிலும் செல்போன் தெரியக் கூடாது என்று, என்னுடையதைத் தவிர எல்லாருடைய போனையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். (மாற்று ஏற்பாடு இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்று அலுவலகத்தில் வகுப்பெடுத்தவள் நான்தான்.)

முகூர்த்தம். என் ஸ்பீக்கரில் கெட்டிமேளம். அத்தான் தாலியைக் கையில் எடுத்தார். எனக்கு ஃபோகஸ் கச்சிதமாக இருந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கெக்கெக்கே என்று கேலியாகச் சிரித்தார்கள்.

திரும்பினேன்.

அத்திக்கிளையில் இருவாச்சி! கைக்கு எட்டும் தூரம். பழத்தைப் பறித்து, மேலே தூக்கிப் போட்டு, அலகைத் திறந்து பிடித்தது. என் விரல் ஷட்டரை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. வெளிச்சம் அருமை என்றுகூட நினைத்தேன்.

குலவைச் சத்தம் கேட்டது. எதற்குக் குலவை என்று ஒரு கணம் யோசித்தேன். மெதுவாகத் திரும்பினால், அக்கா கழுத்தில் தாலி இருந்தது. அத்தான் கை மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்தது: மஸ்கட்! அதே நேரம் என் போன் அடித்தது.

“ஏம்மா, பறவ வருது.”

“மாமா…”

“இன்னொண்ணும் பறவதாம்மா.” சற்று நேரம் கழித்து, “இன்னும் வருது. தாலி கட்டியாச்சா?”

“கட்டியாச்சு மாமா.”

அவர் போனை வைத்துவிட்டார்.

விஷயம் பந்தல் முழுக்கப் பரவியது. “ஏட்டி, அக்கா கழுத்துக்கும் அத்திமரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?” என்று அம்மா பிடித்துக்கொண்டாள். பாவம், அத்தான் எனக்கு உதவப் பார்த்தார். “அவுத்துட்டு இன்னொரு மட்டம் கட்டிரட்டா?”

“ஏலே!” அவர் அம்மா போட்ட சத்தத்தில் இருவாச்சியே பறந்துவிட்டது. “கட்டுன சூட்டோட அவுக்கேன்னு சொல்லுதானே! ஒரு தாலிய ரெண்டு மட்டம் கட்டுவாவளாலே?”

மாலை வரை நான் அறையை விட்டு வரவில்லை. மாமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது: ‘அரிசி போட்டுட்டேன்மா.’ எதைப் பார்த்துப் போட்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு அவர் என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம்.

விமானம் விட்டதும் மாமா வந்தார். வந்த வாரமே தென்காசிக்குப் போய், வாயில் பழத்தோடு இருக்கும் அந்த இருவாச்சியைப் பெரிதாகச் சட்டம் போட்டு வாங்கிவந்து தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் நிதானமாக விளக்குகிறார்: “இது எம்மவன் தாலி கட்டுதப்ப எடுத்தது. பொண்ணும் மாப்பிளையும் இதுக்குக் கீழதான் நிக்காவ.”

போன மாதம் அக்கா மகளின் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்கள். மயில், கிளி எல்லாம் சரியாகச் சொன்னாளாம். இருவாச்சியைக் காட்டியதும் கைதட்டிக்கொண்டு கத்தியிருக்கிறாள்: “எங்கம்மா கல்யாணம்!”

அக்கா உடனே எனக்குப் போன் போட்டாள். “ஏட்டி, மிஸ் என்னைய ஒரு மாதிரி பாக்காவ. நீயே வந்து வெளக்கிட்டுப் போ.”