மோதிரத்தைக் கழட்டுங்க சார்!

முட்டையைத் தின்பதற்கென்றே பிறந்தவர்கள் உண்டு. விற்பதற்கென்றே பிறந்தவர்களும் உண்டு. அதைப் பாடாய்ப் படுத்துவதற்கென்றே பிறந்தவர் இந்தப் பூவுலகில் எங்கள் முட்டை மாஸ்டர் ஒருத்தர்தான்.

காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழ் வாத்தியார், அவர் அறிவியல். சாப்பாட்டை மறந்தாலும் மறப்பார், முட்டை அட்டையை மறக்க மாட்டார். உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பதைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கேன்டீன் உப்பு மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. வினிகரில் ஊறி ஓடு கரைந்த முட்டையை, "ரப்பர் பந்தாட்டம் எகிறும் பாருங்க சார்" என்று என் மேஜையில் போட்டார். ஒரு தடவை எகிறியது. மறு தடவை ஏழாம் வகுப்பு விடைத்தாள்கள் மேல் உடைந்தது.

தலைமையாசிரியை சுத்த சைவம். அவருடைய கண்ணாடித் தண்ணீர் பாட்டிலுக்குள் காகிதத்தைக் கொளுத்திப் போட்டு, அவித்து உரித்த முட்டையை பாட்டில் வாயில் வைத்து, 'லபக்'கென்று உள்ளே போக வைத்தார். வெளியே எடுப்பது அடுத்த வாரப் பாடமாம்!

எங்கள் தாளாளர் பூந்தமல்லியில் மனை விற்றுக்கொண்டிருந்தவர். அவர் கண் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. அதைக் காலி பண்ணி கோச்சிங் சென்டர் வைக்கப் போகிறாராம்.

"இன்னா மாஸ்டர், அப்டி இன்னாதான் கீது உன் லேப்புல? நாளைக்கு வர்றேன், ஒண்ணு செஞ்சு காட்டு. புடிச்சா லேப்ப உட்டுடறேன்."

மாஸ்டர் தேர்ந்தெடுத்த சோதனை இது. பச்சை முட்டையை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் உடையாது, அழுத்தம் ஓடு முழுக்கப் பரவிவிடும். ஆனால் கையில் மோதிரம் இருக்கக் கூடாது, ஒரே இடத்தில் குத்திவிடும். தாளாளர் கையிலோ விரலுக்கு ஒன்று, எல்லாம் ஜோசியர் உபயம்.

நான் அவரை ஓரமாக இழுத்துப்போனேன். "சார், பேசாம அவிச்ச முட்டையக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"அதுக்குப் பேரு சமையல் சார். சயின்ஸ் இல்ல."

இந்த ஆளை நம்பினால் லேப் அம்பேல்தான். மறுநாள் வீட்டிலேயே ஒன்றை அவித்து எடுத்துப்போய், மேஜையில் இருந்த முட்டைக்குப் பதிலாக வைத்துவிட்டேன்.

பிள்ளைகளும் தலைமையாசிரியையும் லேப்பில் காத்திருக்க, தாளாளர் வந்தார். மாஸ்டர் முட்டையைக் கையில் எடுத்தார். கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மேஜை மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது பம்பரமாய்ச் சுழன்றது.

"பச்சை முட்டைன்னா தள்ளாடும் பசங்களா. இது வெந்த முட்டை. யாரோ மாத்தி வெச்சிட்டாங்க" என்று அதை என் கையிலேயே கொடுத்துவிட்டு, பையிலிருந்து பச்சை முட்டை ஒன்றை எடுத்தார். பாவி மனுஷன்!

"மோதிரத்தைக் கழட்டுங்க சார்."

"அது ஆவாது நைனா. கழட்டுனா ஸ்கூலே பூடும்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு."

"அப்ப முட்டை உடைஞ்சிடும் சார்."

"அத்தையும் பாத்துடலாம், குடு."

பச்சக்! தாளாளரின் வெள்ளைச் சட்டை மஞ்சள் குளித்தது. தலைமையாசிரியை கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாஸ்டர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

"மோதிரம் இருந்தா உடையும்னு சொன்னேனா இல்லையா? உடைஞ்சுதா இல்லையாடா?"

பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். அடுத்த வாரமே லேப் கதவில் கோச்சிங் சென்டர் போர்டு ஏறியது. ஜோசியரைக் குறை சொல்ல முடியாது. மோதிரத்தைக் கழற்றாததால் ஸ்கூல் போகவில்லை, சயின்ஸ்தான் போனது.

சைக்கிள் ஸ்டாண்டில் முட்டைகளோடு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவரிடம் போய்க் கத்தினேன். "ஒரே ஒரு பொய் சார்! லேப் தப்பிச்சிருக்குமே!"

அவர் நிதானமாக, "அதை அவிச்சது நீங்கதானே? வீணாக்காம சாப்ட்டீங்களா?" என்றார்.

இப்போது அவர் சேக்காட்டில் வேறு பள்ளியில் இருக்கிறார். நான் ஆம்லெட் போடும்போதெல்லாம் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டையை ஒரு இறுக்கு இறுக்கிப் பார்க்கிறேன். இதுவரை உடையவில்லை. அதைச் சொல்லத்தான் அந்த மனுஷன் பக்கத்தில் இல்லை.